சித்திலெப்பையும் என் மருமகனின் கொப்பிகளும்

சென்ற மாதம் கற்பிட்டியில் என் ராத்தாவின் மகன் தனது கதைக் கொப்பிகள் ஆறையும் பழைய பேப்பர் வாங்க வந்தவரிடம் நிறுத்துப் போட்டுவிட்டான். புத்தளம் உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணைப் பற்றிய நாவல் அது. மூன்று வருடங்களாக அனுப்பி அனுப்பிப் பார்த்தான். சில இடங்களிலிருந்து மறுப்பு வந்தது. மற்ற இடங்களிலிருந்து அதுவும் வரவில்லை. நம்முடைய சமூகத்துக்குக் கதை எதற்கு மாமா என்று கேட்டான்.

அன்றிரவு களப்போரம் உட்கார்ந்து அவனுக்கு மர்ஹூம் அறிஞர் சித்திலெப்பையைப் பற்றிச் சொன்னேன். பாடப்புத்தகத்தில் கல்விமானாகப் படித்திருந்தான். நாவலாசிரியர் என்று அவன் மனதில் பதியவே இல்லை. நம்மில் பலருக்கும் அப்படித்தான்.

1838இல் கண்டியில் பிறந்தவர். தந்தையைப் போலவே சட்டத்தரணி ஆனார். வசதியாக வாழ்ந்துவிட்டுப் போயிருக்கலாம். 1882 டிசம்பரில் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். நம் பிள்ளைகள் ஆங்கிலமும் நவீனக் கல்வியும் கற்க வேண்டும், பெண் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று எழுதினார். அன்றைய ஆங்கிலப் பாடசாலைகள் பெரும்பாலும் மிஷனரிமாரின் கையில். பிள்ளையின் ஈமான் போய்விடும் என்ற பயம் வீட்டுக்கு வீடு இருந்தது. அந்தப் பயத்தை நான் குறைசொல்லமாட்டேன், அதற்குக் காரணம் இருந்தது. ஆனால் மாற்றுவழி காட்டிய மனிதருக்கும் எதிர்ப்புத்தான் கிடைத்தது.

1883 ஜனவரியில் எகிப்தின் ஒராபி பாஷா நாடுகடத்தப்பட்டு இலங்கைக்கு வந்தார். அவரது துணையும் சித்திலெப்பைக்குக் கிடைத்தது. 1884இல் கொழும்பில் ஒரு மத்ரஸா ஆரம்பித்தார்.

நாவல் வெளிவந்தது அதற்கு அடுத்த வருடம், 1885இல். ‘அசன்பே சரித்திரம்’ என்று இன்று நாம் சொல்லும் புத்தகம். தமிழில் முதல் நாவலென்று சொல்லப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சாகி அப்போது ஆறு வருடங்கள்தான். இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று பலரும் இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். எந்தப் பதிப்பாளரும் அதைத் திருப்பி அனுப்பியதாக நான் சொல்ல வரவில்லை. நாவல் என்ற வடிவத்துக்கே அன்று வாசகர் கூட்டம் சேரவில்லை. இவருக்கு மறுப்பு வந்தது புத்தகத்துக்கு வெளியே, அவர் சொன்ன விஷயத்துக்கு.

கதை மிஸ்ரில் தொடங்கி இந்தியாவுக்கு வருகிறது. குறைகளும் உண்டு. தற்செயல்கள் அதிகம், நல்லவர்கள் மிக நல்லவர்கள். எனக்கு ஒரு சொந்த மனக்குறையும் இருக்கிறது. பம்பாய் வரும் அந்தக் கதையில் நம் கடற்கரை இல்லை. உப்பளம் இல்லை, களப்பு இல்லை, கருவாடு காயும் வாடி இல்லை. அதைத்தான் நீ எழுதியிருக்கிறாய் என்று மருமகனிடம் சொன்னேன். அவன் பதில் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டிருந்தான்.

சித்திலெப்பை அதோடு நிற்கவில்லை. கண்டியில் பெண் பிள்ளைகளுக்கான பாடசாலையில் அவருடைய சகோதரியே முன்னின்றார். 1892 ஆகஸ்டில் வாப்பிச்சி மரிக்காருடனும் ஒராபி பாஷாவுடனும் சேர்ந்து மருதானையில் மறுபடி பாடசாலை திறந்தார். இன்றைய ஸாஹிராக் கல்லூரி அதுதான். 1898 பெப்ரவரியில் வபாத்தானார், அறுபது வயது நிரம்பவில்லை. 1977இல் அரசாங்கம் அவருக்கு முத்திரை வெளியிட்டது. அவருடைய பெயரைப் பாடசாலைகளுக்கு வைத்தோம். நாவலைத்தான் வாசிக்கவில்லை. நம் ஊர் நூலகங்களில் கேட்டுப் பாருங்கள்.

எஷாவுக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் மருமகன் வாயைத் திறந்தான். பேப்பர்காரரின் கடை பாலாவிச் சந்தியில் இருக்கிறது, காலையில் போவோமா என்று கேட்டான். போனோம். சாக்குகளைக் கொட்டித் தேடியதில் ஐந்து கொப்பிகள் கிடைத்தன. ஆறாவதை இப்போது நினைவிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறான்.