தோல்வியைத் தாங்கிய தோள்கள்

விளையாட்டுத் திடலில் வெற்றிக் கோப்பையை ஏந்தியவர் பெயரை நாம் எளிதில் நினைவில் கொள்கிறோம். அவரை உருவாக்கியவர் பெயரையோ விரைவில் மறந்துவிடுகிறோம். அவ்வாறு மறக்கத்தகாத ஒருவர் ஜெர்மனி நாட்டுக் கால்பந்துப் பயிற்சியாளர் செப் ஹெர்பெர்கர்.

இவர் 1897ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் மன்ஹைம் நகரின் வால்ட்ஹோப் பகுதியில், ஓர் ஏழைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தார். 1909இல் தந்தை மறைந்தார். மேற்படிப்புக்கு வழியின்றி, சிறு வயதிலேயே வேலைக்குச் செல்ல நேர்ந்தது. ஆயினும் பந்தை அவர் விடவில்லை.

1921இல் ஹெல்சிங்கி நகரில் பின்லாந்துக்கு எதிராக முதன்முதலில் நாட்டுக்காக ஆடி, 2 கோல்கள் போட்டார். அதே காலத்தில் ஒரு சறுக்கலும் நேர்ந்தது. ஆட்டத்திற்குப் பணம் பெறுவது அங்கு விதிக்கு மாறாக இருந்த அந்நாளில், அவர் ஒரு கழகத்திடம் பணம் பெற்றார். அதனால் ஆடத் தடை விதிக்கப்பட்டது. தண்டனையை ஏற்று, மீண்டும் ஆடவந்தார். பின்னர் பெர்லின் உடற்பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்து, 1930இல் படிப்பை முடித்தார்.

1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் ஜெர்மனி நார்வேயிடம் தோற்றபின், நாட்டின் அணி இவர் கைக்கு வந்தது. அது ஹிட்லரின் கொடுங்கோலாட்சிக் காலம். ஹெர்பெர்கர் 1933இலேயே அக்கட்சியில் சேர்ந்திருந்தார். அந்தக் கறையை நாம் மறைத்தல் தகாது. திறமை வேறு, தீமையை எதிர்க்கும் துணிவு வேறு என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

போருக்குப்பின் நாடு இடிபாடாகக் கிடந்தது. 1950 நவம்பரில் மேற்கு ஜெர்மனி மீண்டும் பன்னாட்டு ஆட்டத்தில் இறங்கியபோது, பயிற்சியாளர் ஹெர்பெர்கரே. 1954இல் சுவிட்சர்லாந்தில் உலகக் கோப்பைப் போட்டி நடந்தது. ஹங்கேரியோ நான்கு ஆண்டுகளாகத் தோல்வி காணாத அணி. அதனுடன் நடந்த முதல் ஆட்டத்தில், முக்கிய ஆட்டக்காரர் பலருக்கு ஓய்வளித்துவிட்டு, 3–8 என்ற கணக்கில் தோற்றார். கண்டனக் கடிதங்கள் வந்து குவிந்தன. அவர் கலங்கவில்லை. அடுத்து துருக்கியை வென்றால் போதும் என்பது அவர் கணக்கு. அப்படியே 7–2 என வென்றனர்.

ஆட்டத்தை அறிந்ததுபோலவே ஆட்களின் மனத்தையும் அவர் அறிந்திருந்தார். அணித்தலைவர் பிரிட்ஸ் வால்டர் போர்க்கைதியாக இருந்து மீண்டவர். எளிதில் மனம் சோர்பவர். அவரைக் கலகலப்பான ஹெல்முட் ரானுடன் ஒரே அறையில் தங்கவைத்தார். சோர்வுக்கு மருந்தாக நட்பையே தந்தார்!

ஜூலை 4ஆம் நாள் பெர்ன் நகரில் இறுதியாட்டம். கொட்டும் மழை. எட்டே நிமிடங்களில் ஹங்கேரி 2 கோல்கள் போட்டது. ஆனால் 18ஆம் நிமிடத்திற்குள் ஆட்டம் சமனாயிற்று. 84ஆம் நிமிடத்தில் ரான் போட்ட கோலால் 3–2 என மேற்கு ஜெர்மனி உலகக் கோப்பையை வென்றது. அழிவிலிருந்து எழுந்துகொண்டிருந்த மக்கள் மீண்டும் தலைநிமிர்ந்தனர்.

1964இல் பொறுப்பைத் தம் உதவியாளர் ஹெல்முட் ஷோனிடம் ஒப்படைத்தார். சிறைக்கைதிகளைச் சென்று கண்டு, அவர்களுக்கு நம்பிக்கையூட்டினார். 1977இல் அவர் பெயரால் தொடங்கப்பெற்ற அறநிலையம் அப்பணியைத் தொடர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 28ஆம் நாள், 80ஆம் வயதில் காலமானார்.

தவறியவர் எழலாம், தோற்றவர் வெல்லலாம். ஆனால் சோர்ந்திருக்கும் தோழியின் அருகில் யாரை அமரவைப்பது என்று எண்ணிப்பார்க்கும் அன்பு நமக்கு வேண்டும். அதுவே ஹெர்பெர்கரிடம் நாம் கற்கும் பாடம்.