சொல் தவறாத தலைவர் தந்தை செல்வா

வெஸ்ட் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் ஆலய வாசலில் எம்மவர் நால்வர் கூடினால், உரையாடல் விரைவில் தலைவர்களைப் பற்றியதாகிவிடும். நாவன்மை உடையவரே தலைவராகத் தக்கவர் என்ற எண்ணம் எம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. அவ்வெண்ணத்தைத் தமது வாழ்வால் பொய்யாக்கியவர் சா. ஜே. வே. செல்வநாயகம் அவர்கள்.

1898 மார்ச் 31ஆம் திகதி மலாயாவின் ஈப்போ நகரில் பிறந்த அவர், சிறு பராயத்திலேயே தாயாருடன் தெல்லிப்பழைக்கு வந்து சேர்ந்தார். தந்தையார் மலாயாவிலேயே தங்கிவிட்டார். பிரிந்து வாழும் குடும்பத்தின் துயரை அவர் இளமையிலேயே அறிந்திருந்தார். ஆசிரியராகப் பணியாற்றியபின் சட்டத்துறையில் புகுந்து, கொழும்பில் புகழ்பெற்ற சிவில் வழக்கறிஞரானார்.

1947இல் தமிழ்க் காங்கிரஸ் சார்பில் காங்கேசன்துறைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் சென்றார். மறு ஆண்டே சோதனை வந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. அச்சட்டத்தைக் கொண்டுவந்த அரசில் கட்சித் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அமைச்சராகச் சேர்ந்தார். செல்வநாயகம் இணங்கவில்லை. மலையக மக்கள் அவருக்கு வாக்களித்தவர்கள் அல்லர். எனினும் இன்று அவர்களுக்கு நேர்வது நாளை மொழியின் பெயரால் எமக்கும் நேரும் என எச்சரித்தார். 1949 டிசெம்பர் 18ஆம் திகதி வன்னியசிங்கம், நாகநாதன் ஆகியோருடன் தமிழரசுக் கட்சியை நிறுவினார்.

1952 தேர்தலில் அவர் தமது தொகுதியையே இழக்க நேர்ந்தது. ஆயினும் கொள்கையை மாற்றவில்லை. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது அவரது எச்சரிக்கை மெய்யாயிற்று. அவ்வாண்டுத் தேர்தலில் மக்கள் அவரிடமே திரும்பினர். சைவர் செறிந்து வாழும் தொகுதி, கிறிஸ்தவரான அவரை மீண்டும் மீண்டும் தெரிவு செய்தது. அவரது குரல் மெலிந்தது. பிற்காலத்தில் பார்க்கின்சன் நோயும் வாட்டியது, செவிப்புலனும் குன்றியது. அப்போதும் மக்கள் அவரை விட்டு நீங்கவில்லை.

1957இல் பண்டாரநாயக்காவுடனும் 1965இல் டட்லி சேனநாயக்காவுடனும் அவர் செய்த உடன்படிக்கைகள் நிறைவேறவில்லை. பிறர் வாக்கை மிகையாக நம்பினார் என இளைஞர் குறைகூறினர். அக்குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் வாக்குத் தவறியது அவர் தரப்பன்று.

1972இல் புதிய குடியரசு அரசியலமைப்பைத் தமிழர் ஏற்கவில்லை என நிறுவ, தமது ஆசனத்தைத் துறந்து மக்கள் தீர்ப்பை நாடினார். இடைத்தேர்தல் 1975 பெப்ரவரி வரை தாமதிக்கப்பட்டது. அதில் 16,000க்கும் அதிகமான வாக்குகளால் வென்றார். 1977 ஏப்ரல் 26ஆம் திகதி காலமானார்.

புகலிடக் கோப்புகளுடன் காத்திருக்கும் எமக்கு நாடற்ற நிலையின் கொடுமை புதிதன்று. தமக்கு வாக்களிக்காத நாடற்றோருக்காகத் தமது பதவியை இழக்கத் துணிந்தவர் அவர். எமது சங்கங்களுக்கும் ஆலய சபைகளுக்கும் தலைவரைத் தெரிவு செய்கையில், யார் நன்றாகப் பேசுவார் என வினவுமுன், யார் பதவியைத் துறக்கவும் ஆயத்தமாயிருப்பார் என வினவுவோமாக.