அன்னை மீனாம்பாள்: உறவுமுறைக்குள் அடங்காத ஒரு பெயர்

திருக்குறள் ஓலைச்சுவடி எல்லிஸ் துரையின் கைக்குப் போய்ச் சேர்ந்ததில் கந்தப்பன் என்பவருக்குப் பங்குண்டு என்பதை இன்று நாம் அறிந்திருக்கிறோம். அவருடைய பேரன் அயோத்திதாசப் பண்டிதர் அதை எழுதி வைத்ததால்தான் அறிந்திருக்கிறோம். ஒரு வீட்டுக்குள் வாய்வழியாக வாழ்ந்த செய்தி, அச்சேறியதும் வரலாறாயிற்று. அதே பண்டிதரின் மனைவி தனலட்சுமி, இரட்டைமலை சீனிவாசனின் உடன்பிறந்தவர். இரு பெரும் தலைவர்களை உறவால் பிணைத்த அந்தப் பெண்ணைப் பற்றி நம் நூல்கள் பெரும்பாலும் இந்த ஒரு வரியோடு நின்றுவிடுகின்றன. சீனிவாசனின் பேரப்பிள்ளைகளுக்கு அவர் அத்தைப்பாட்டி. வம்சாவளி எழுதுவோர் தந்தையிலிருந்து மகனுக்கு நேர்க்கோடு போடுகிறார்கள். அத்தைப்பாட்டி அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறாள்.

தனலட்சுமி அளவுக்கு மறக்கப்படாவிட்டாலும், அன்னை மீனாம்பாள் சிவராஜுக்கும் இதே நிலை வேறு வடிவில் நேர்ந்தது. மதுரைப் பிள்ளையின் பேத்தி, வாசுதேவப் பிள்ளையின் மகள், சிவராஜின் மனைவி, அம்பேத்கரின் உடன்பிறவாச் சகோதரி என்று நான்கு ஆண்களின் பெயரைக் கடந்த பிறகே மேடைகளில் அவர் பெயர் வருகிறது. நான்கும் உண்மைதான். அவற்றோடு நிறுத்திவிடுவதைத்தான் நாம் ஏற்க மறுக்கிறோம்.

மீனாம்பாள் 1904 டிசம்பர் 26 அன்று பர்மாவின் இரங்கூனில் பிறந்தார். சென்னையிலிருந்து அங்கே சென்று கப்பல் வணிகத்தில் பெருஞ்செல்வராகிய மதுரைப் பிள்ளை, புலவர்களை ஆதரித்த வள்ளலாகவும் அறியப்பட்டவர். தந்தை வாசுதேவப் பிள்ளை சென்னை மாநகராட்சியிலும் மாகாணச் சட்டசபையிலும் இடம்பெற்றவர். வறுமையிலிருந்து எழுந்த தலைவர் என்ற வழக்கமான சித்திரத்துக்குள் மீனாம்பாளை அடைக்க முடியாது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இரங்கூனில் கல்லூரிப் படிப்பைத் தொட்ட அவர், தமிழோடு ஆங்கிலத்திலும் தேர்ச்சி பெற்றிருந்தார். கடல் கடந்த ஊரில் ஓரளவு மங்கியிருந்த சாதிக்கோடு, தாயகம் திரும்பியதும் செல்வத்தாலும் கல்வியாலும் அழிக்க முடியாததாகத் துலங்கியது. அவருடைய அரசியலின் ஊற்றுக்கண் இங்கேதான் இருக்கிறது என்று நாம் கருதுகிறோம்.

வழக்கறிஞரும் சட்டக் கல்லூரிப் பேராசிரியருமான ந. சிவராஜை மணந்தபின் அவருடைய பொதுவாழ்வு தொடங்கியது. 1928இல் சைமன் குழு வந்தபோது காங்கிரஸ் அதைப் புறக்கணிக்க அழைத்தது. ஆட்சியதிகாரம் கைமாறப் போகும் வேளையில் தம் பங்கு என்னவென்று கேட்டவர்களுக்கு அந்தக் குழு ஒரு வாயிலாகத் தெரிந்தது. மீனாம்பாளின் முதல் மேடைப் பேச்சு அந்தக் குழுவை ஆதரித்தே அமைந்தது. தேசியத்தின் பேரிரைச்சலுக்கு நடுவே இருபத்துநான்கு வயதுகூட நிரம்பாத ஒரு பெண் எதிர்த்திசையில் நின்று பேசியிருக்கிறார். இதைத் துரோகம் என்று பழித்தோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். பிரதிநிதித்துவம் கேட்பது துரோகமென்றால், ஒடுக்கப்பட்டோர் எதைத்தான் கேட்பது?

அடுத்த பத்தாண்டுகளில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் மூண்டது. 1938 நவம்பர் 13 அன்று சென்னையில் நீலாம்பிகை அம்மையார் தலைமையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. ஈ.வெ.ராமசாமிக்குப் பெரியார் என்னும் பட்டம் அம்மாநாட்டில்தான் முறையாக வழங்கப்பட்டது. அதை முன்னின்று நடத்திய பெண்களுள் தருமாம்பாளும் மீனாம்பாளும் குறிப்பிடத்தக்கவர்கள். பட்டம் நிலைத்தது, சூட்டிய பெண்களின் பெயரைக் கேட்டால் பலருக்கு நா எழுவதில்லை. அந்தப் போராட்டத்தில் 1939 சனவரியில் சிறைக் காவலில் உயிர்நீத்த நடராசன் தலித் இளைஞர் என்பதும் இவ்வாறே ஓரமாக வைக்கப்பட்ட செய்தி.

அகில இந்திய அளவிலும் அவருடைய இடம் சிறியதன்று. 1942 சூலையில் நாகபுரியில் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு உருவானபோது அம்மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் சிவராஜ். அங்கேயே கூடிய பெண்கள் மாநாட்டுக்குச் சுலோசனாபாய் டோங்கரே தலைமை ஏற்றார். மூன்றாண்டுகளுக்குப் பின், 1945 மே மாதம் பம்பாயில் கூட்டமைப்பின் பெண்கள் மாநாடு நடந்தபோது தலைமைப் பொறுப்பு மீனாம்பாளிடம் வந்தது. மராத்தி பேசும் பெண்கள் திரளாகக் கூடிய நகரில், சென்னையிலிருந்து சென்ற ஒரு தமிழ்ப்பெண் அவர்களுடைய தலைவராக அமர்ந்தார். கணவருக்குத் துணையாகச் சென்றவர் என்று இதைச் சுருக்கிவிட முடியாது. அம்பேத்கர் அவரைச் சகோதரியாக மதித்தார் என்பதை நாம் பாசக் கதையாக மட்டுமே சொல்லிப் பழகிவிட்டோம். இயக்கத்தில் அவர் சுமந்த பொறுப்பு அந்தக் கதைக்குள் மறைந்துவிடுகிறது.

மாநகராட்சி உறுப்பினர், கௌரவ நீதிபதி, பல்கலைக்கழகச் செனட் உறுப்பினர் என அவர் வகித்த பதவிகள் பல. 1945இல் சிவராஜ் சென்னையின் மேயரானார். அவருக்கு முன்பே ஜெ. சிவசண்முகம் பிள்ளை என்னும் தலித் தலைவர் அப்பதவியை வகித்திருந்தார். தலித் பெண் ஒருவர் அந்த நாற்காலியில் அமர 2022 மார்ச்சு வரை, பிரியா ராஜன் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

கொரட்டூரிலிருந்து இதை எழுதும் எங்களுக்கு இந்த வரலாறு தொலைவில் இல்லை. 1957 பொதுத்தேர்தலில் சிவராஜ் வென்றது செங்கல்பட்டுத் தொகுதியில். கொரட்டூரும் அம்பத்தூரும் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமங்கள். அவை 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. மீனாம்பாள் அமர்ந்த மன்றத்துக்கு இன்று நாங்களும் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறோம். ஆயினும் எங்கள் பகுதி மாணவர்கள் பலரிடம் அவர் பெயரைச் சொன்னால், எந்த ஊர் அம்மன் என்று கேட்பது போன்ற ஒரு பார்வையே பதிலாகக் கிடைக்கிறது.

1964 செப்டம்பர் 29 அன்று, தம் பிறந்த நாளிலேயே, சிவராஜ் மறைந்தார். மீனாம்பாள் மறைந்தது 1992 நவம்பர் 30 அன்று. இடையே இருபத்தெட்டு ஆண்டுகள். சைமன் குழுவையும் பம்பாய் மாநாட்டையும் கண்ணால் கண்ட ஒருவர், நாளிதழ் படிக்கும் எவரும் தேடிச் சென்று கேட்கக்கூடிய தொலைவில் வாழ்ந்துகொண்டிருந்தார். மராட்டியத்தில் ஊர்மிளா பவாரும் மீனாட்சி மூனும் அம்பேத்கர் இயக்கத்து மூத்த பெண்களை வீடு வீடாகத் தேடிச் சென்று, அவர்கள் நினைவுகளைத் திரட்டி 1989இல் நூலாக்கினார்கள். நம்மிடம் அந்த அளவுக்கு ஒரு முயற்சி அன்று எழவில்லை. பிற்காலத்தில் வந்த சில வாழ்க்கைக் குறிப்புகளும் அவர் வகித்த பதவிகளை அடுக்குவதோடு ஓய்ந்தன. இரங்கூனை விட்டு வந்த சிறுமி என்ன நினைத்தாள், வீட்டுக்கு வந்த தோழர்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டே மாநாட்டு உரையை எப்போது எழுதினாள் என்பன போன்றவற்றுக்கு அவற்றில் இடமில்லை.

மீனாம்பாளைப் போன்ற பதவிகளோ ஒளிப்படங்களோ இல்லாத பாட்டிகள் எங்கள் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். தொழிற்பேட்டை வருமுன் இந்த நிலங்களில் நாற்று நட்டவர்களும், தொழிற்பேட்டை வந்தபின் அதே இடங்களில் கூலிக்குக் கல் சுமந்தவர்களும் அவர்களுள் உண்டு. கொரட்டூர் ஏரியில் எந்தக் கரையில் யார் தண்ணீர் எடுக்கலாம் என்றிருந்தது? பள்ளிக்கூடத்தில் உன் பெயரை யார் மாற்றி எழுதினார்கள்? முதல் வாக்குச்சீட்டை யானைச் சின்னத்துக்குப் போட்டாயா, வேறு சின்னத்துக்கா? உன்னோடு கூட்டத்துக்கு வந்த பெண்கள் யார் யார்? இந்தக் கேள்விகளோடு இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் அவர்கள் பக்கத்தில் உட்காரலாம். பேச்சைக் கைப்பேசியில் பதிந்துகொண்டு, பெயரையும் ஆண்டையும் ஊரையும் தனியே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டால் போதும்.