பாரடேயின் ஆசான்கள்

இங்கிலாந்தில் ஒரு காலத்தில், தொழில் கற்க விரும்பிய சிறுவன் ஒரு முதலாளியிடம் ஏழாண்டு கட்டுப்பட வேண்டும். பெற்றோர் முன்பணம் கொடுப்பர். முதலாளி உணவும் உறைவிடமும் தந்து தொழிலைக் கற்பிப்பார். இதற்கெனப் பத்திரம் எழுதிக் கையொப்பமிடுவர். 1710 முதல் அரசு அந்த முன்பணத்தின் மீது வரி வாங்கிப் பேரேட்டில் பதிந்தது. யார் யாரிடம் தொழில் கற்றார் என்று தேடும் ஆராய்ச்சியாளருக்கு அப்பேரேடுகள் ஒரு புதையல். ஆயினும் அதில் ஒரு குறை உண்டு. முன்பணம் இல்லையேல் வரி இல்லை. அரசுக்கு வரி இல்லையேல் ஏட்டில் ஒரு வரியும் இல்லை. ஏழைச் சிறுவனைப் பணம் வாங்காமல் சேர்த்துக்கொண்ட நல்லவரின் பெயர் அங்கே கிடைக்காது.

அவ்வாறு பணமின்றிச் சேர்க்கப்பட்ட சிறுவருள் ஒருவரே மின்னியலின் தந்தையருள் ஒருவராகிய மைக்கேல் பாரடே.

அவர் 1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-இல் இலண்டனை அடுத்த நியூவிங்டனில் பிறந்தார். தந்தை கொல்லர், நோயாளி. வீட்டில் வறுமை. பதின்மூன்றாம் வயதில் ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடிச் சிறுவனாகச் சேர்ந்தார். ஓராண்டு கழிந்தது. 1805 அக்டோபர் 7-இல் பத்திரம் எழுதப்பட்டது. சிறுவனின் உண்மையான உழைப்பைக் கண்டு, ரீபோ முன்பணம் வேண்டாம் என்றார். அச்செய்தி அந்தப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

ரீபோ புத்தகம் கட்டக் கற்பித்தார். அதைவிடப் பெரிதாக, கட்ட வந்த புத்தகங்களைப் படிக்கவும் விட்டார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையைப் பாரடே அங்கேதான் படித்தார். ஜேன் மார்செட் அம்மையார் எழுதிய வேதியியல் நூலும் அங்கேதான் கைக்கு வந்தது. அந்த அம்மையாரையும் அவர் தம் ஆசிரியராகவே பிற்காலத்தில் போற்றினார்.

1810-இல் டாட்டம் என்பார் நடத்திய அறிவியல் சொற்பொழிவுகளுக்குச் சென்றார். ஒரு சொற்பொழிவுக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். அதைக் கொடுத்தவர் கொல்லராகிய அண்ணன் இராபர்ட். கேட்டவற்றை எழுதித் தம் கையாலேயே நூலாகக் கட்டி, அதனை முதலாளி ரீபோவுக்குக் காணிக்கையாக்கினார்.

1812-இல் கடைக்கு வந்த ஒருவர் கொடுத்த நுழைவுச் சீட்டால், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவியின் நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டார். அக்குறிப்புகளையும் கட்டி டேவிக்கே அனுப்பினார். புத்தகம் கட்டும் தொழிலை விட வேண்டாம் என்றே டேவி முதலில் அறிவுரை கூறினார். ஆயினும் உதவியாளர் இடம் காலியானபோது அவரையே அழைத்தார். 1813 மார்ச்சு 1-இல் பாரடே பணியில் அமர்ந்தார். வாரச் சம்பளம் இருபத்தைந்து ஷில்லிங். மேல்மாடியில் இரண்டு அறைகள்.

அந்த டேவியும் தந்தையை இழந்தபின், 1795-இல் பென்சான்சு ஊரில் ஒரு மருத்துவரிடம் இவ்வாறே தொழில் கற்கக் கட்டுப்பட்டவர்தாம்!

ஆனால் மாணவன் வளர்ந்தபோது ஆசானின் மனம் சுருங்கியது. பாரடேயை ராயல் சொசைட்டியில் சேர்க்க நண்பர்கள் முன்மொழிந்தபோது, தலைவராக இருந்த டேவி எதிர்த்தார். 1824 சனவரியில் பாரடே தேர்ந்தெடுக்கப்பட்டார். எதிராக விழுந்த வாக்கு ஒன்றே ஒன்று. அது யாருடையது என்று ஏடு கூறவில்லை.

பாரடே பகை பாராட்டவில்லை. 1829-இல் டேவி மறைந்தார். அவர் வரலாற்றை எழுத முனைந்தவர்க்கு, 1812-இல் டேவி தமக்கு எழுதிய முதல் கடிதத்தைப் பாரடே அனுப்பினார். பத்திரமாகத் திருப்பித் தரவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். பதினேழு ஆண்டுகள் அதைப் போற்றி வைத்திருந்தார்!

1831-இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டார் பாரடே. மின்னாக்கிகள் மின்சாரம் தருவது அந்நெறியால்தான். கிறிஸ்துமஸ் காலங்களில் பத்தொன்பது முறை இளைஞர்க்கெனத் தொடர் சொற்பொழிவுகள் ஆற்றினார். 1867 ஆகஸ்டு 25-இல் மறைந்தார்.

டேவியின் புகழ் டேவியின் செயலால் நின்றது. ரீபோவின் பெயரோ மாணவனால் நின்றது. நண்பர்களே, நம் பட்டச் சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். கட்டணம் வாங்காமல் மாலையில் கணக்குச் சொல்லித் தந்த ஊர் வாத்தியாரின் பெயரோ, பரீட்சைப் பணம் கட்டிய அண்ணனின் பெயரோ அதில் இராது. அந்த வரியை எழுத வேண்டியவர்கள் நாமே.