ஏற்காட்டில் வாழ்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட்: ஒரு கல்லைப் பேச வைத்தது எப்படி?

சேலம் அஸ்தம்பட்டி ரவுண்டானா. சனி, ஞாயிறு வந்தா போதும், ஏற்காடு சாலையில் வண்டிகள் வரிசை கட்டும். 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போறவங்க படகுச் சவாரி, லேடீஸ் சீட், பக்கோடா பாயிண்ட் என்று சுற்றிவிட்டுத் திரும்பிடுவாங்க. அதே மலையில் இருக்கும் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. இந்தியத் தொல்வரலாற்றின் தந்தை என்று அழைக்கப்படும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவுச் சின்னம் அங்கேதான் இருக்கிறது.

பள்ளிப் பாடப்புத்தகத்தில் பல்லாவரம் கைக்கோடரி என்று ஒரு வரியில் இவரைக் கடந்திருப்போம். ஆனால், மியூசியத்தில் ஒரு பொருளுக்குக் கீழே என்ன எழுதி வைக்க வேண்டும் என்ற கேள்விக்கும் இவர் வாழ்க்கையில் பதில் இருக்கிறது.

யார் இந்த ஃபூட்?

1834 செப்டம்பர் 22-ஆம் தேதி இங்கிலாந்தின் செல்டன்ஹாம் நகரில் பிறந்தவர். 1858-ல், 24 வயதில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலைக்குச் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். எங்கே என்ன பாறை, எங்கே என்ன கனிமம் என்று நடந்து நடந்து வரைபடம் போடுவதுதான் வேலை.

1862-ல் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளைத் திருமணம் செய்துகொண்டார். தமிழ் படித்தவர்களுக்கு பெர்சிவல் புதியவர் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்தவர், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர். மாமனார் சொற்களைத் தொகுத்தார், மருமகன் கற்களைத் தொகுத்தார்.

நம்ம மாவட்டத்துக்கும் இவருக்குமான உறவு ரொம்பப் பழையது. சக அதிகாரி வில்லியம் கிங்குடன் சேர்ந்து சேலம், திருச்சி, தஞ்சாவூர், தென்னாற்காடு பகுதிகளின் பாறை அமைப்பு பற்றி ஃபூட் எழுதிய அறிக்கை 1864-லேயே வெளிவந்துவிட்டது.

பல்லாவரத்தில் என்ன நடந்தது?

1859-ல் ஐரோப்பாவில் ஒரு பெரிய திருப்பம். பிரான்ஸில் கிடைத்த கல் கருவிகள், அழிந்துபோன விலங்குகளின் காலத்திலேயே மனிதன் செய்தவைதான் என்று இங்கிலாந்து அறிஞர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அப்படின்னா இந்தியாவில்? ஃபூட் தேட ஆரம்பித்தார்.

1863 மே 30. பல்லாவரத்தில் ராணுவ அணிவகுப்பு மைதானத்தை ஒட்டி சரளைக்கல் தோண்டிய குழி. அங்கே கிடந்த ஒரு கல்லைக் கையில் எடுத்தார். அதன் ஓரங்கள் உடைந்திருந்த விதம் மழையும் வெயிலும் செய்த வேலை மாதிரி இல்லை. யாரோ குறி பார்த்துத் தட்டித் தட்டிச் செதுக்கியிருந்தார்கள். அது பழைய கற்காலக் கருவி. இந்தியாவில் அப்படி அடையாளம் காணப்பட்ட முதல் கருவிகளில் ஒன்று.

அதே ஆண்டு செப்டம்பரில் கிங்கும் ஃபூட்டும் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள அத்திரம்பாக்கத்துக்குப் போனார்கள். அங்கே கருவிகள் ஏராளமாகக் கிடைத்தன.

கல்லை விட முக்கியமானது எது?

இங்கேதான் ஃபூட் மற்றவர்களிடமிருந்து வேறுபடுகிறார். அழகான பொருளை எடுத்து அலமாரியில் வைப்பவர் அல்ல அவர். எந்த ஊர், எந்த இடம், மேலே கிடந்ததா மண்ணுக்குள் இருந்ததா, எந்த அடுக்கு, என்ன வகைக் கல் என்று குறித்து வைத்தார். புவியியலாளர் என்பதால் அவருக்குக் கல்லும் அது கிடந்த மண்ணும் வேறு வேறு இல்லை.

அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும்? சேர்வராயன் மலையையே எடுத்துக்கொள்வோம். புதிய கற்காலத்து மனிதர்கள் தேய்த்து மெருகேற்றிய கற்கோடரிகள் இந்த மலையில் கிடைத்தன. மலைவாழ் மக்கள் அவற்றைப் பிள்ளையார் கோயில்களில் வைத்து வழிபட்டார்கள். சாதாரணக் கல் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதே கல் கோயிலில் சாமி. கண்ணாடிப் பெட்டிக்குள் வெறுமனே வைத்தால் வெறும் கல். எங்கே கிடைத்தது, எதற்குப் பயன்பட்டது என்று எழுதி வைத்தால்தான் அது வரலாறு.

எழும்பூருக்குப் போன சேகரிப்பு

33 ஆண்டு வேலைக்குப் பிறகு 1891-ல் ஃபூட் ஓய்வுபெற்றார். அதன்பிறகும் உட்காரவில்லை. பரோடா சமஸ்தானத்துக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும் புவியியல் வேலை செய்தார். பிறகு ஏற்காட்டில் வீடு எடுத்துத் தங்கினார்.

வாழ்நாள் முழுக்க அவர் சேர்த்த சேகரிப்பை 1904-ல் சென்னை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. நூற்றுக்கணக்கான இடங்களில் எடுத்த கருவிகள், பானை ஓடுகள். கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று அவர் நினைக்கவில்லை. 70 வயதைத் தாண்டிய நிலையில், ஒவ்வொரு பொருளுக்கும் எண் போட்டு, ஊர் பெயரும் விளக்கமும் எழுதி விவர அட்டவணை தயாரித்தார். 1912 டிசம்பர் 29-ஆம் தேதி கல்கத்தாவில் காலமானார். அந்த அட்டவணை 1914-லும், குறிப்புகள் அடங்கிய தொகுதி 1916-லும்தான் வெளிவந்தன. அச்சில் பார்க்க அவர் இல்லை.

சரி, இதற்கு இன்று என்ன பயன்?

அத்திரம்பாக்கத்தையே பாருங்கள். 1999-ல் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அங்கே மீண்டும் அகழாய்வைத் தொடங்கினார்கள். அங்குள்ள கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்ற முடிவு 2011-ல் வெளியானது. இந்தியத் தொல்லியலையே புரட்டிப் போட்ட செய்தி. அந்த இடத்தை உலகத்துக்குச் சொல்லி வைத்தது 1863-ன் பதிவு. ஊர் பெயர் இல்லாமல் கற்கள் மட்டும் எழும்பூரில் கிடந்திருந்தால், யார் எங்கே போய்த் தோண்டுவது?

இப்போது அருங்காட்சியகங்களில் தொடுதிரை, அசையும் படம், பொத்தானை அழுத்தினால் ஒளிரும் வரைபடம் எல்லாம் வருகின்றன. குழந்தைகள் ஓடிப்போய்த் தொடுகிறார்கள், நல்லதுதான். ஆனால் அந்தத் திரைக்குள் போடுவதற்குத் தகவல் வேண்டுமே? வரைபடத்தில் புள்ளி வைக்க, கல் எந்த ஊரில் கிடைத்தது என்று தெரிய வேண்டும். மண் அடுக்குகளைப் படமாகக் காட்ட, எந்த அடுக்கில் கிடைத்தது என்று தெரிய வேண்டும். நூறு வருஷத்துக்கு முன் யாரோ பென்சிலால் எழுதாததை, எத்தனை லட்சம் செலவு செய்தாலும் திரை காட்டாது.

நல்ல காட்சிப் பலகை என்ன செய்யும்?

கற்கருவி, பழைய கற்காலம் என்று இரண்டு வார்த்தை எழுதிய சீட்டை நீங்களும் பார்த்திருப்பீங்க. படித்த அடுத்த நொடி கால் நகர்ந்துவிடும். தகவலைக் கொட்டுவதை விட, பார்ப்பவருக்குள் ஒரு கேள்வியைக் கிளப்புவதே விளக்கப் பலகையின் வேலை என்று அமெரிக்க எழுத்தாளர் ஃப்ரீமேன் டில்டன் 1957-ல் வெளியிட்ட தன் நூலில் வாதிட்டார். பூங்காக்களிலும் அருங்காட்சியகங்களிலும் விளக்கப் பலகை அமைப்பவர்களுக்கு அது இன்றும் அடிப்படைப் பாடம்.

ஃபூட் பல்லாவரத்தில் செய்ததை அப்படியே பலகைக்குக் கொண்டு வரலாம். இரண்டு கற்களின் படம் போட்டு, இதில் எது ஆற்றில் உருண்டு உடைந்தது, எது மனிதன் செதுக்கியது என்று கேட்கலாம். மூடியைத் தூக்கினால் விடை. பக்கத்தில் கைக்கோடரியின் மாதிரி ஒன்றை வைத்தால் போதும், குழந்தை அதைப் பிடித்துப் பார்க்கும். அகன்ற பக்கம் உள்ளங்கையில் உட்காரும்போது, கூர்முனை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று தானாகப் புரியும். பார்வைத் திறன் குறைந்தவர்களுக்கும் அந்த மாதிரிதான் பலகை.

ஏற்காட்டு மலையடிவாரத்தில் இருக்கும் குரும்பப்பட்டி மாதிரியான உயிரியல் பூங்காக்களுக்கும் இதே கணக்குதான். பெயரும் உணவும் எழுதினால் அது தகவல். கால்தடத்தைப் பதித்து, எதிரே நிற்பதில் யாருடையது இது என்று கேட்டால் குழந்தை கூண்டைத் திரும்பிப் பார்க்கும்.

நீங்க ஒரு கல்லைக் கண்டெடுத்தால்?

நிலம் உழும்போதோ கிணறு தோண்டும்போதோ சேலம் பக்கம் இப்படிக் கருவிகள் கண்ணில் படலாம். வீட்டுக்கு எடுத்துப் போகாதீங்க. கிடந்த இடத்திலேயே போட்டோ எடுங்க. அளவு தெரிய ஒரு பேனாவைப் பக்கத்தில் வையுங்க. ஊர், சர்வே எண், எவ்வளவு ஆழம் என்று குறித்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லுங்க.

கல் எங்கேயும் போகாது. ஆனால் அது கிடந்த இடம் ஒருமுறை கலைந்தால் போனது போனதுதான். ஃபூட் கையோடு ஒரு குறிப்புப் புத்தகத்தைக் கொண்டு போனதற்குக் காரணம் அதுதான்.