கிட்டப்பாவும் இசைத்தட்டும்

செங்கோட்டை கிட்டப்பா மறைந்து தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றன. திரைப்படம் எதிலும் அவர் தோன்றவில்லை. ஆதலின் அவர் பாட்டை நாம் அறிவதற்கு எஞ்சியுள்ள வாயில் இசைத்தட்டு ஒன்றே. அவ்வாயில் பழுதுற்றால் பழி பாடகரைச் சார்கின்றது. கீச்சிட்டுக் கரகரக்கும் இக்குரலையா முன்னோர் கொண்டாடினர் என்று மாணாக்கர் வினவுமிடத்து, விடை கூறுதல் ஆசிரியர் கடனாகும்.

கிட்டப்பா 1906 ஆம் ஆண்டு செங்கோட்டையிலே கங்காதர ஐயரின் மகனாய்ப் பிறந்தார். இயற்பெயர் இராமகிருஷ்ணன். குடும்பம் வறியது, பள்ளிப் படிப்புப் பெரிதும் வாய்க்கவில்லை. சிறு பிராயத்திலேயே தமையன்மாருடன் மேடையேறினார். கன்னையா கம்பெனியின் தசாவதார நாடகம் அவர் புகழை எங்கும் பரப்பிற்று. கொடுமுடி சுந்தராம்பாளுடன் அவர் சேர்ந்து நடிக்கத் தொடங்கியது நம் இலங்கையில், கொழும்பு மேடையிலேயாம். 1927 இல் இருவரும் மணம் புரிந்தனர். 1933 டிசம்பர் 2 ஆம் நாள், இருபத்தேழே வயதில், கிட்டப்பா காலமானார். அம்மையார் அன்றுதொட்டு வெண்ணிற ஆடையே உடுத்தார்.

ஒலிபெருக்கியில்லாத கொட்டகையிற் கடைசி வரிசைக்கும் எட்டுமாறு பாடிய குரல் அது. உயர்ந்த சுருதி, அதன் மேலும் தாரத்தாயிச் சஞ்சாரம். இச்சிறப்பே இசைத்தட்டிலே கேடாய் முடிந்தது. எங்ஙனமெனில், ஒலி உயர உயரத் தட்டின் தடத்திலுள்ள வளைவுகள் நெருங்கிக் கூர்மையடைகின்றன. தட்டின் உள்வட்டத்தில் அவை இன்னும் நெருங்கும். அக்காலத்து அரக்குத் தட்டுக்கு உருக்கூசி. பக்கத்துக்கு ஒன்றாக மாற்றுவதே முறை. சிக்கனம் கருதி ஓர் ஊசியாற் பத்துப் பக்கம் ஓட்டியவர் பலர். தேய்ந்த ஊசி முதலிற் சிதைப்பது அக்கூரிய வளைவுகளையே. கண்ணுக்குத் தட்டு பளபளக்கும். கீழ்த்தாயி செவ்வையாய் ஒலிக்கும். உச்சத்துக்கு ஏறியதும் குரல் பிளக்கும். அத்தகைய தட்டிலிருந்து வினைல் தட்டுக்குப் படியெடுத்தால், புத்தம் புதிய தட்டும் பழைய புண்ணைச் சுமந்தே பிறக்கும். அதனை எத்துணை கழுவினும் பயனில்லை.

ஆயினும் எல்லாத் திரிபும் தீராதனவல்ல. வினைல் தட்டுக்குரிய நுண்ணூசியை அரக்குத் தட்டிலிடின், அது அகன்ற தடத்தின் அடியில் உழன்று அழுக்கையே பாடும். ஏறக்குறைய மும்மடங்கு பருத்த முனை வேண்டும். முனையின் அளவைச் சிறிது மாற்றினால், பழைய ஊசி தீண்டாத சுவர்ப்பகுதியைத் தொட்டு, மறைந்த தெளிவை மீட்பதும் உண்டு. மதுசாரம் கலந்த நீராற் கழுவலாகாது, அரக்கு கரைந்துவிடும். வேகமும் நோக்கற்பாலது. எழுபத்தெட்டுச் சுற்று என்பது பெயரளவே. வேறு வேகத்திற் பதிவான தட்டுகளும் உள. பக்கவாத்தியமான ஆர்மோனியத்தின் ஆதார சுருதி இரு கட்டைகளுக்கு நடுவே விழுமாயின் வேகத்தை ஐயுறுக. வேகம் மிகின் ஆண்குரல் சிறுவன் குரலாகும்.

இவற்றுக்கும் அடங்காத பழுதுக்கு, சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளையவர்கள் ஏடுகளுக்குச் செய்ததே வழி. ஒரே பாட்டின் பல பிரதிகளைத் தேடி ஒப்பிடுதல் வேண்டும். ஒருவர் வீட்டுத் தட்டில் தொடக்கம் தேய்ந்திருக்கும். மற்றொருவர் வீட்டில் முடிவு தேய்ந்திருக்கும். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் பெட்டகங்களில் இன்னும் சில தட்டுகள் கிடத்தல் கூடும்.