கடலூர் சிறையில் மகாகவி
(மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்)

பாரதியார் என்றதும் முண்டாசும் மீசையும்தான் கண்முன் வரும். அவர் நம்ம கடலூர் ஜெயிலில் இருந்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

1882 டிசம்பர் 11ல் எட்டயபுரத்தில் பிறந்தவர் அவர். 1904ல் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியர் ஆனார். 1906 முதல் 'இந்தியா' வாரப் பத்திரிகையில் எழுதினார். அதில் கார்ட்டூனும் போட்டு, எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கும் அரசியல் புரியும்படி செய்தார். வெள்ளைக்காரன் பொறுப்பானா? 1908ல் பத்திரிகையின் பதிவுபெற்ற ஆசிரியர் சீனிவாசன் மீது ராஜதுரோக வழக்குப் போட்டு ஜெயிலில் தள்ளினான். பாரதி பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்தார். அது பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர். வெள்ளைக்கார போலீஸ் அங்கே கைவைக்க முடியாது.

சிதம்பரத்தில் பஸ் ஏறினால் கடலூரைத் தாண்டி, யாரும் தடுக்காமல் பாண்டிச்சேரி போய் இறங்குகிறோம். அந்த எல்லையைத் திரும்பக் கடக்க அவருக்குப் பத்து வருஷம் ஆச்சு! 1918 நவம்பர் 20ல் கடந்தார், கடலூர் அருகே கைதானார். 24 நாள் சிறை. அவருடைய 36வது வயசு நிறைந்ததும் அந்தக் கம்பிக்குள்ளேதான்.

எங்கள் வீட்டில் படிக்க வந்தவன் நான் ஒருத்தன்தான். இதை அம்மாவிடம் சொன்னேன். திருடினாரா, யாரையாச்சும் அடிச்சாரா, எழுதினதுக்கா ஜெயிலு என்று அம்மா கேட்டாங்க. ஆமாம்மா, எழுதினதுக்குத்தான் என்றேன்.

டிசம்பர் 14ல் விடுதலை செய்தார்கள். ஆனால் அரசியல் கூடாது, எழுதுவதை அச்சுக்கு முன்னே போலீசிடம் காட்டணும் என்று நிபந்தனை. ஜெயிலைவிட இதுதான் எனக்குக் கொடுமையாகப் படுகிறது. எழுதிய பிறகு தண்டிப்பது ஒன்று. எழுதும்போதே பக்கத்தில் போலீஸ்காரரை உட்கார வைப்பது வேறு அல்லவா?

1921ல் அவர் மறைந்தார். அப்பவும் பயம் தீரவில்லை. 1928ல் சென்னை அரசாங்கம் அவர் பாட்டுப் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. சட்டசபையில் சத்தியமூர்த்தி அதை எதிர்த்து முழங்கினார்.

1950ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 19வது பிரிவு நமக்குப் பேச்சுரிமை தந்தது. அவதூறு, வன்முறையைத் தூண்டுதல் போன்றவற்றுக்குக் கட்டுப்பாடும் வைத்தது. அது நியாயம்தான். ஆனா யாரும் தடுக்காதபோதே, நமக்கெதுக்கு வம்பு என்று உண்மையை மென்று விழுங்கினால்? அந்த நிபந்தனைத் தாளில் நாமே கையெழுத்துப் போட்ட மாதிரிதானே!

நம்மில் பலர் வீட்டில் முதல் பேனா நம் கையில்தான் இருக்கிறது. அதன் மூடியைத் திறந்தே வைப்போம் நண்பர்களே!